குச்சி நுனியில் ஒரு சந்தேகம்

பிப்ரவரி 6

அன்புள்ள கோட்டானுக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. அம்மாவின் மூட்டு வலி எப்படி இருக்கிறது? நீ இன்னும் அதே ஊமைக்கோட்டான்தானா, இல்லை தையல் கடையில் யாரிடமாவது நாலு வார்த்தை பேசத் தொடங்கிவிட்டாயா?

கையெழுத்து மாறியிருக்கிறதே என்று பயப்படாதே. ஏணியிலிருந்து இறங்கும்போது மணிக்கட்டு பிசகிவிட்டது. நான் சொல்லச் சொல்ல, கூட இருப்பவர் எழுதுகிறார். மற்றபடி வேலை நடக்கிறது. பெரிய கட்டடம். உள்ளே எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே நிறம். இப்படியே போனால் பெயிண்டருக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

உன் கடை ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம் குளிரில் மொட்டையாக நின்றதே, அது துளிர்க்கும்போது எனக்கு எழுது. வாயால் பேசாததையெல்லாம் துணி வெட்டும் காகிதத்தில் எழுதி மெத்தைக்கு அடியில் ஒளித்து வைப்பாயே, அந்த மாதிரி எழுது.

வசந்தம் முடிவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவேன். அம்மாவிடம் சொல். பதிலைக் கான்ட்ராக்டர் முகவரிக்கே அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்


பிப்ரவரி 17

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மாவும் நானும் நன்றாக இருக்கிறோம். மூட்டு வலி படி ஏறும்போது மட்டும் வருகிறதாம். உன் மணிக்கட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னாள். பிறகு, "ஏணியில நிக்கத் தெரியாதவனா அவன்?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

மெத்தைக்கு அடியில் நீ கையை விட்டது தப்பு. அதை நேரில் வரும்போது கேட்டுக்கொள்கிறேன்.

கடையில் பின்னறையில் உட்கார்ந்து சட்டைகளுக்குக் காஜா எடுத்துப் பட்டன் தைக்கிறேன். யாரிடமும் பேச வேண்டியதில்லை. மாஸ்டரம்மா நேற்று ஒரு வாடிக்கையாளரிடம், "இவ வாய்க்கும் காஜா எடுத்துப் பட்டன் போட்டிருக்கு, கழட்டத்தான் தெரியல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. குனிந்துகொண்டு சிரித்தேன்.

நீ சொன்ன பிறகுதான் மரத்தைப் பார்த்தேன். இத்தனை மாதம் அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தும் பார்க்கவில்லை. இன்று காலை இதை எழுதினேன். உனக்கு மட்டும்.

நேற்றுவரை குச்சி.
இன்று காலை
குச்சியின் நுனியில்
ஒரு சந்தேகம்.

சிரிக்காதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை


மார்ச் 1

அன்புள்ள கோட்டானுக்கு,

அண்ணன் சுகம். அம்மாவுக்கு என் அன்பு. மணிக்கட்டு மெல்லத் தேறுகிறது.

உன் கவிதையைக் கேட்டுச் சிரித்தேன். நீ நினைக்கிற சிரிப்பு இல்லை. சந்தோஷம் தாங்காமல் வருகிற சிரிப்பு. ஆனால் ஒரு பெயிண்டருக்குக் கவிதை எழுதினால் பாதியில் நிறுத்தக் கூடாது. அந்தச் சந்தேகம் என்ன நிறம்?

பச்சை என்று மட்டும் எழுதிவிடாதே. கடையில் போய்ப் பச்சை வேண்டும் என்றால் நாற்பது டப்பாவைத் திறந்து காட்டுவார்கள். எதில் எதை எத்தனை சொட்டு கலந்தால் அந்த நிறம் வரும் என்று சொல். நான் மனதுக்குள் கலந்துகொள்கிறேன். இங்கே அதற்கு நிறைய நேரம் இருக்கிறது.

சீக்கிரம் எழுது. மரம் உனக்காகக் காத்திருக்காது, நானும்தான்.

அன்புடன்,
அண்ணன்


மார்ச் 10

அன்புள்ள அண்ணனுக்கு,

வீட்டில் எல்லாம் வழக்கம்போல இருக்கிறது. அம்மா இப்போது படி ஏறும்போது என்னைத் திட்டுவதில்லை, படியைத்தான் திட்டுகிறாள்.

உன் கேள்வியால் எனக்கு வேலை கெட்டது. பச்சை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் பச்சையே இல்லை. கடை திறப்பதற்கு முன்பே போய் மரத்தடியில் நின்றேன். கிளையைக் கையால் வளைத்து மூக்குக்கு நேரே வைத்துப் பார்த்தேன். மாஸ்டரம்மா சாவியோடு வந்து நின்று, "என்னடி, மரத்துக்கு அளவு எடுக்கிறியா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.

பச்சை இன்னும் வரவில்லை.
பழைய செங்கல் தூளில்
யாரோ
மஞ்சள் பூசிய விரலைத்
துடைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

சரியாக வந்திருக்கிறதா? உனக்குக் கலக்க முடிந்ததா? நிறத்தைத் தேடத் தொடங்கியதிலிருந்து எல்லாமே கண்ணில் படுகிறது அண்ணா. தெருவில் நடக்கும்போது எழுதவேண்டியது முன்னாலேயே போய் நிற்கிறது. பள்ளிக்கூடம் போன நாட்களில்கூட எனக்கு இப்படி இருந்ததில்லை.

ஒன்று கேட்க வேண்டும். எழுதிக் கொடுக்கிறவர் என் கடிதத்தைப் படிக்கிறாரா? நான் ஒன்பதாவதோடு நின்றதற்கு அம்மாவின் மூட்டு ஒரு காரணம். எழுந்து நின்று சத்தமாகப் படி என்பார்களே, அது இன்னொரு காரணம். அந்த இரண்டாவது உனக்கு மட்டும்தான் தெரியும். வேறு யாராவது படிக்கிறார்கள் என்றால் இனி என்னால் எழுத முடியாது.

உன் தங்கை


மார்ச் 17

அன்புள்ள கோட்டானுக்கு,

சுகம். உங்கள் இருவரின் சுகம் அறிய ஏங்குகிறேன்.

யாரும் படிக்கவில்லை. நீ எழுது.

கலந்து பார்த்தேன். செங்கல் தூள் என்றதும் நிறம் அப்படியே வந்து நின்றது. இத்தனை வருடம் சுவருக்குச் சுவர் அடித்த எனக்கு அப்படிக் கலக்கத் தோன்றவே இல்லை.

வேலை முடிய இன்னும் கொஞ்ச நாள் ஆகும். மரத்தில் பறவை ஏதாவது வந்ததா?

அன்புடன்,
அண்ணன்


மார்ச் 24

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் ரொம்பச் சின்னதாக இருந்தது. அம்மா உறையைக் கவிழ்த்து உதறிப் பார்த்தாள். "இவ்வளவுதானா? காகிதம் விலை ஏறிடுச்சா?" என்றாள். எங்களுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. வலி இன்னும் இருக்கிறதா உனக்கு?

பறவை வந்துவிட்டது. நீ கேட்டது அதற்குக் கேட்டுவிட்டதோ என்னவோ. சின்னது, வால் மட்டும் கர்வமாக நிமிர்ந்திருக்கிறது. கடைக் குப்பையிலிருந்து நூல் திருடிப்போய் இலையோடு இலை சேர்த்துக் கூடு தைக்கிறது. வெள்ளை நூலைத் தொடுவதில்லை, நீலமும் ஆரஞ்சும்தான் எடுக்கிறது. மாஸ்டரம்மா பார்த்துவிட்டு, "இதுவும் கல்யாணத் துணிக்கு வந்த கஸ்டமர் மாதிரிதான், ஒண்ணும் பிடிக்க மாட்டேங்குது" என்றார். அன்று முழுவதும் பின்னறையில் எல்லோரும் ஜன்னலைப் பார்த்தபடியே தைத்தார்கள். ஒரு சட்டையில் காலரை உள்பக்கமாக வைத்துத் தைத்துவிட்டார்கள். நான் இல்லை.

கீழே நாங்கள்
ஊருக்கெல்லாம் சட்டை தைக்கிறோம்.
மேலே அது
தன் குடும்பத்துக்கு
ஒரே ஒரு பை தைக்கிறது.
அளவு எடுக்கவில்லை.
சரியாக இருக்கிறது.

இதை எழுதியதும் ஓடிப்போய் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. எனக்கு அப்படித் தோன்றுவது இதுதான் முதல் தடவை. யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் தங்கை


ஏப்ரல் 2

அன்புள்ள கோட்டானுக்கு,

எழுதிட்டீங்களா கண்டக்டரே? சரி. அண்ணன் நல்லா இருக்கேன். அம்மாவும் நீயும் எப்படி இருக்கீங்க? இல்ல, உங்களைக் கேக்கல, அவளைக் கேக்குறேன். எழுதுங்க. குருவி பை தைக்கிற கவிதையைக் கேட்டு நாங்க எட்டுப் பேரும் கட்டில்ல எழுந்து உக்காந்துட்டோம். ஐயோ, எட்டுப் பேர்னு எழுதாதீங்க. நான் மட்டும்னு போடுங்க. அவளுக்கு ரொம்பக் கூச்சம், தெரிஞ்சா நிறுத்திடுவா. ஆஸ்பத்திரிங்கற வார்த்தை எங்கயும் வரக் கூடாது. கண்ணுன்னு ஒரு எழுத்துகூட வரக் கூடாது. நர்சம்மான்னா இதையெல்லாம் அவங்களே பார்த்து விட்டுடுவாங்க, லீவுல போயிட்டாங்க. என்ன? இல்ல இல்ல, நீங்களும் நல்லாத்தான் எழுதுறீங்க. வேலை முடிய இன்னும் ஒரு மாசம் ஆகும்னு எழுதுங்க. கட்டு அவிழ்த்த பிறகு பார்வை வருதா இல்லையான்னு தெரியட்டும், அதுக்கப்புறம் வீட்டுக்குச் சொல்லிக்கலாம். இதை எழுதலையே? சரி. குருவி முட்டை வச்சுதான்னு கேளுங்க. அது நீங்க கேட்டதுதானே, அதையும் போட்டுக்கங்க. அவ்வளவுதான். படிச்சுக் காட்ட வேண்டாம், உங்க மேல நம்பிக்கை இருக்கு. கீழ அண்ணன்னு போட்டு மடிச்சிடுங்க.

அன்புடன்,
அண்ணன்

(சொன்னது சொன்னபடி எழுதப்பட்டது. கண்டக்டர், நாலாம் கட்டில்.)


ஏப்ரல் 8

அண்ணனுக்கு,

எந்தக் கண்? ஒன்றா, இரண்டுமா? எப்போதிலிருந்து? மணிக்கட்டு பொய் என்றால் ஏணியும் பொய்யா?

எட்டுப் பேர். உன் ஒருவனுக்கு எழுதியதை எட்டுக் கட்டிலுக்குப் பங்கு போட்டிருக்கிறாய். யாரும் படிக்கவில்லை என்று எனக்கு எழுதவும் செய்தாய்.

உன்மேல் கோபப்படலாம் என்று உட்கார்ந்தால், கண் என்று எழுதியிருக்கும் இடம் வருகிறது. கோபம் நிற்க மாட்டேன் என்கிறது. அதனால் இன்னும் கோபமாக வருகிறது.

அம்மாவிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இந்தக் கடிதத்தில் கவிதை இல்லை.

தங்கை


ஏப்ரல் 14

அன்புள்ள தங்கைக்கு,

நர்சம்மா திரும்பி வந்துவிட்டார். இதை அவர்தான் எழுதுகிறார். இந்தத் தடவை ஆஸ்பத்திரி முகவரி உட்பட எதையும் விடாமல் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி தொடக்கத்தில் பழைய பெயிண்டை உரிக்கிற திரவம் தெறித்துவிட்டது. இரண்டு கண்ணிலும். இரண்டு ஆபரேஷன் ஆகிவிட்டது. மே முதல் வாரத்தில் கட்டு அவிழ்ப்பார்கள். வலது கண் தேறும் என்று டாக்டர் நம்புகிறார். இடதைப் பற்றிக் கேட்டால், "பார்க்கலாம்" என்கிறார். அந்த வார்த்தையை வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

உன் முதல் கடிதத்தை நர்சம்மா என் காதோரம்தான் மெதுவாகப் படித்தார். பக்கத்துக் கட்டிலிலிருந்து கண்டக்டர், "கொஞ்சம் சத்தமாப் படிங்கம்மா, சந்தேகம் எங்க வந்துச்சு?" என்றார். நர்சம்மா சத்தமாகப் படித்தார். பிறகு மூலைக் கட்டிலில் இருப்பவர், "எங்க வீட்டு வாசல்லயும் அப்படித்தான் வரும்" என்றார். அவர் வந்ததிலிருந்து யாரிடமும் பேசியதே இல்லை. உன்னைவிட மோசம் அவர். அன்று அந்த மரத்தைப் பற்றி எட்டுப் பேரும் சண்டையே போட்டோம்.

உன்னிடம் அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்டால் நிறுத்திவிடுவாய் என்று பயந்தேன். நிறுத்தினால் எனக்கு வேறு மரம் இல்லை.

நீ எழுதாவிட்டாலும் நான் வருத்தப்பட மாட்டேன். அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்பதையும் உன்னிடமே விடுகிறேன்.

அண்ணன்

தங்கச்சிக்கு, கண்டக்டர் எழுதுறது. எனக்கு ஒரு கண்ணுலதான் கட்டு, அதனால என்னை எழுத உக்கார வச்சாங்க. பஸ்ஸுல ஒருத்தர் இறங்குற இடம் சொன்னா அந்த இடத்துக்குத்தான் டிக்கெட் கிழிப்பேன், மாத்திக் கிழிச்ச பழக்கம் இல்ல. அதே மாதிரி எழுதிட்டேன். உங்க அண்ணன் என் மேல கோபப்படல, அதுதான் கஷ்டமா இருக்கு. இப்ப இந்த ரூமுல யாரும் மரத்தைப் பத்திப் பேசறதில்ல. நீங்க எழுத வேண்டாம். முட்டை என்னாச்சுன்னு மட்டும் ஒரு வரி போட்டா போதும்.


ஏப்ரல் 25

அன்புள்ள அண்ணனுக்கும், கண்டக்டர் சாருக்கும், நர்சம்மாவுக்கும், மூலைக் கட்டில்காரருக்கும், எனக்குத் தெரியாத மற்றவர்களுக்கும்,

எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதம் அம்மாவின் பையில் வருகிறது. அம்மாவும் அதனோடு வருகிறாள்.

அவளிடம் சொல்ல எனக்கு இத்தனை நாள் வாய் வரவில்லை. முந்தாநாள் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்தாள். "ஏணின்னு எழுதினப்பவே எனக்கு உறுத்துச்சு. நீயும் அவனும் சேர்ந்து என்னை என்னன்னு நினைச்சுட்டிருக்கீங்க?" என்றாள். பிறகு போய் ரயிலுக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். மூன்று மாடிப் படியையும் நிற்காமல் ஏறி வந்தாள். அண்ணா, அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக இரு. மற்றவர்கள் யாரும் குறுக்கே போக வேண்டாம்.

நான் எழுதாமல் இருந்த நாட்களில் மரத்தைப் பார்க்கவும் இல்லை. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தைத்தேன். நேற்று மத்தியானம் தாங்கவில்லை. ஒரு துணியால் கண்ணை இறுக்கிக் கட்டிக்கொண்டு மரத்தடியில் போய் நின்றேன். உனக்கு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளத்தான். மாஸ்டரம்மா ஜன்னல் வழியாக, "கண்ணாமூச்சி ஆட உனக்கு வேற ஆள் கிடைக்கலையா? ஒத்தையா நிக்கிறியே" என்று கத்தினார். கட்டை அவிழ்க்காமலே, "எங்க அண்ணனோட ஆடுறேன்" என்று நானும் கத்தினேன்.

கண்ணை மூடினேன்.
மரம் போய்விடவில்லை.
தலைக்கு மேலே
ஆயிரம் சின்னக் கைகள்
ஈரத் துணி உதறுகின்றன.
கன்னத்தில் வெயில் வந்து
பதில் எதிர்பார்க்காமல்
உட்கார்ந்திருக்கிறது.

கண்டக்டர் சார், முட்டை பொரிந்துவிட்டது. நாலு குஞ்சு. உடம்பு என்று சொல்ல ஒன்றும் இல்லை, வாய் மட்டும்தான். தாய் வந்து உட்காரும்போது பை முழுக்க வாயாக இருக்கிறது.

நர்சம்மா, இதைச் சத்தமாகப் படியுங்கள். மூலைக் கட்டில்வரை கேட்க வேண்டும்.

உங்கள் அனைவருக்கும்,
தங்கை


மே 7

அன்புள்ள கோட்டானுக்கு,

வரி கோணலாகப் போகிறது பார். இது நானே எழுதுவது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, காகிதத்தை விட்டு மூக்கை எடு என்று திட்டிக்கொண்டிருக்கிறாள். நன்றாக இருக்கிறாள். வந்த அன்று என்னை ஒரு மூச்சுத் திட்டினாள். நீ சொன்னபடி ஒருவரும் குறுக்கே வரவில்லை. திட்டி முடித்து என் தலையைத் தன் மடியில் போட்டுக்கொண்டாள்.

வலது கண் தெரிகிறது. முழுதாகத் தெரிகிறது. இடது கண்ணில் எண்ணெய்க் காகிதத்தை ஒட்டியதுபோல இருக்கிறது. வெளிச்சம் தெரிகிறது, ஆள் வந்தால் தெரிகிறது, ஆள் யார் என்று தெரியவில்லை. நாள் போனால் தெளியலாம் என்கிறார் டாக்டர். தெளியாவிட்டாலும் ஒரு கண்ணால் பெயிண்ட் அடிப்பவர்கள் இருக்கிறார்கள், விசாரித்துவிட்டேன்.

கண்டக்டரின் குரலைக் கேட்டு ஒல்லியான, உயரமான ஆள் என்று நினைத்திருந்தேன். கட்டில் நிறைய இருக்கிறார். அவரிடமே சொன்னேன். "உங்களை நான் கிழவர்னு நினைச்சேன் தம்பி, பேச்சு அப்படி" என்றார்.

உன் கடிதத்தை நர்சம்மா இரண்டு தடவை படித்தார். இரண்டாவது தடவை மூலைக் கட்டில்காரர் கேட்டார் என்பதற்காக.

உன்னிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. நானும் ஒன்று எழுதியிருக்கிறேன். யாரிடமும் காட்டவில்லை. நீ பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பு.

கட்டு அவிழ்த்ததும்
முதலில் தெரிந்தது
ஒரு தம்ளர் தண்ணீர்.
அது வெறும் தண்ணீர்தான் என்று
யாரும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் அனுப்பிவிடுவார்கள்.

அன்புடன்,
அண்ணன்


மே 12

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். வீட்டில் தனியாக இருப்பது பழகிவிட்டது. அம்மாவை நேரத்துக்கு மருந்து சாப்பிடச் சொல்.

உன் கடிதத்தைக் கடையில்தான் பிரித்தேன். கோணல் வரியைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். ஏன் நிற்கிறேன் என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். உட்காரலாம் என்றுதான் நினைத்தேன். உட்காராமல் உன் கவிதையைச் சத்தமாகப் படித்தேன்.

என் குரல் அவ்வளவு கனமாக இருக்கும் என்று எனக்கே தெரியாது. மூன்றாவது வரியில் மாஸ்டரம்மா மெஷினை நிறுத்தினார். படித்து முடித்ததும், "அடியே, இந்தக் குரலை இத்தனை நாளா எங்கடி வச்சிருந்தே?" என்றார். பிறகு, "யாருது?" என்றார். எங்கள் அண்ணனுடையது, பெயிண்டர் என்றேன். "இன்னொரு தடவை படி" என்றார். படித்தேன். துணி கொடுக்க வந்த இரண்டு பேரும் வாசலிலேயே நின்று கேட்டார்கள்.

உன்னைக் கேட்காமல்தான் படித்தேன். மொத்தம் ஏழு பேர். கூச்சமாக இருக்கிறதா? இருக்கட்டும். கொஞ்ச நாளில் சரியாகிவிடும், எனக்குத் தெரியும்.

திருப்பி அனுப்பச் சொன்னாய். அனுப்ப மாட்டேன். மரத்தைப் பற்றியும் இனி ஒரு வரிகூட அனுப்ப மாட்டேன்.

வந்து பார்.

உன் தங்கை